நோன்பு நாளில் மாட்டிய பம்ப்

பெற்றோல் பம்ப் ஒன்றைக் காரில் மாட்டுவதற்கு முன் அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டும். ஐம்பதுகளில் கல்முனையில் அதைப் பரிசோதிக்க எங்களிடம் கருவி எதுவும் இருக்கவில்லை. வாய்தான் கருவி. உறிஞ்சிவிட்டு, நாக்கு நுனியால் துவாரத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பம்ப் நாக்கைப் பிடித்து வைத்திருந்தால் உள்ளே இருக்கும் சவ்வு நல்ல சவ்வு. பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தால் எங்கேயோ ஊசி முனையளவு ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். என் வாழ்நாளில் எத்தனையோ பம்ப்புகளை இப்படிப் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அதை மாட்டிய காரின் பின்சீட்டில் என் உம்மா இருந்தார். ஓட்டியவர் என் ராத்தாவின், கூடப்பிறந்த மூத்தவளின், புருஷன்.

அப்போது நான் ஒரு நெல்லு மில்லில் இஞ்சின் பார்க்கிறவன். இருபத்தாறு வயது. இஞ்சின் விஷயத்தில் ஊரில் எனக்கு மிஞ்சியவன் இல்லை என்ற நினைப்பு உள்ளுக்குள் நிறைய இருந்தது. வீடு ராத்தாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மச்சான் அங்கே வந்து குடியிருந்தார். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய் வெகுகாலம். கலியாணம் ஆகாத நானும் உம்மாவும் அதே வளவில் பின்னறையில் இருந்தோம். அவரும் என்னை மச்சான் என்றே கூப்பிடுவார், எங்களுக்குள் ஒரு நாளும் சச்சரவு வந்ததில்லை. அதற்கு முழுக்காரணமும் அவர்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குச் சிரிப்பு.

கார் மச்சானுடையது. குளம் கட்டும் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. முதுகு வளைந்த சின்ன ஜெர்மன் கார். இஞ்சின் பின்னால், பெற்றோல் தாங்கி முன்னால். தண்ணீர் ஊற்ற இடமே கிடையாது. ஒரு விசிறி உள்ளே சுழன்று காற்றடிக்கும், அந்தக் காற்றில்தான் இஞ்சின் ஆறும். இதை எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனேன். சந்தையடியில் கார் நின்றால் யாராவது ஒருவர் வாளியோடு வந்து நிற்பார். தண்ணீர் குடிக்காத கார் என்றதும் அதற்கு 'நோன்புக் கார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மச்சான் அந்தப் பெயரை மிகவும் ரசித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காருக்குக் கதவுகள் இரண்டுதான். பின்சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் யாராவது முன்சீட்டை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உம்மா பருத்த உடம்புக்காரி, முழங்கால் வருத்தமும் இருந்தது. அவரை ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் இரண்டு பேர் வேலை.

அந்த வருடம் நோன்பு தொடங்கி இரண்டு வாரம் போயிருக்கும். அக்கரைப்பற்றுக்கு வாடகை ஹயர் போய் வந்த மச்சான், காரைதீவுச் சந்தியில் கார் மூன்று தரம் நின்றுபோனது என்றார். நான் எண்ணெய்க் கம்பியை இழுத்து மோந்து பார்த்தேன். எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடியது, பெற்றோல் மணத்தது. பம்ப்பின் சவ்வு கிழிந்து பெற்றோல் இஞ்சினுக்குள் இறங்கியிருந்தது. புதுப் பம்ப் கொழும்பிலிருந்து வர மாதக்கணக்கு ஆகும் என்றார்கள். மில்லுக்கு வந்துபோகும் லொறிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தேன். அவர் கொழும்பில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பம்ப்பைத் தேடிப் பிடித்து, கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அது இருபத்தோராம் நோன்பு, நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்த நேரம்.

மறுநாள் உம்மாவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவருடைய இரண்டு கண்ணிலும் படலம் படர்ந்து, ஆள் முகம் தெரியாத நிலை. கண் டாக்டர் மாதத்தில் ஒரு நாள்தான் அங்கே வருவார். போன மாதம் கார் இருந்தும் உம்மாவுக்குக் காய்ச்சல். இந்த மாதம் விட்டால் நோன்புப் பெருநாளும் மங்கலாகத்தான் போகும். உம்மா மூன்று நாளாக அதையே கதைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கூட்டிப் போகலாம், ஆனால் அந்த முழங்காலோடு பஸ் படி ஏற மாட்டார்.

முருங்கை மரத்தடியில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். உள்ளே காலடியில் இருக்கும் பெற்றோல் குழாய்த் திருகியை மூடினேன். பின்மூடியைத் திறந்து, இரண்டு நட்டுக் கழற்றி, கிழிந்த பம்ப்பை எடுத்தேன். இடையில் வைக்கும் அட்டையைச் சவர்க்காரப் பெட்டியில் வெட்டி, கிறீஸ் பூசி வைத்தேன். கொழும்புப் பம்ப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கை போன பழக்கத்தில் வாய்க்குக் கொண்டுபோனேன். குழாய் கீழுதட்டில் பட்டிருக்கும்.

"மச்சான்! நோன்பு, நோன்பு!" என்று மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

நல்ல எண்ணத்தில் பிடித்தார். நோன்பு காலத்தில் எச்சிலைக் கூட விழுங்காமல் வழி நெடுகத் துப்பிக்கொண்டு போகும் ஊர் எங்களுடையது. வாயில் ஒரு சாமானை வைத்து உறிஞ்சுவது என்றால் சும்மாவா? அதுவும் மண்ணெண்ணெயும் பெற்றோலும் ஊறிய சாமான். இருபது நோன்பை ஒழுங்காகப் பிடித்துவிட்டு இருபத்தோராவதை ஒரு பம்ப்புக்காக முறிப்பதா என்றுதான் எனக்கும் பட்டது.

"ஞாபகப்படுத்தினீங்களே, நல்லம்," என்றேன்.

"மஃரிபுக்கு நோன்பு திறந்த பொறகு பாருங்களன். ரெண்டு நட்டுத்தானே," என்றார் அவர்.

விரலால் துவாரத்தை மூடி, பம்ப்பின் கையை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இழுத்தது. விரல் அவ்வளவுதான் சொல்லும். இழுக்கிறதா இல்லையா என்று சொல்லும், இழுத்தது நிற்கிறதா என்று சொல்லாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மாட்டினேன். திருகியைத் திறந்து, பலமுறை சுழற்றவிட்டதும் இஞ்சின் பற்றியது. கால் மணி நேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு துளி இல்லை. நோன்பு திறந்ததும் ஒரு தரம் கழற்றி வாயில் வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு கையைக் கழுவினேன். அந்த முடிவு உண்மையானது. நான் ஏமாற்றுக்காரன் இல்லை.

பள்ளியில் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், இரண்டு கோப்பை கஞ்சி. பகல் முழுக்கக் காய்ந்த உடம்பு கஞ்சி இறங்கியதும் துணி மாதிரித் துவண்டுபோனது. பாயில் சாய்ந்தேன். முருங்கையடியில் கார் நிற்பது கதவால் தெரிந்தது. இரண்டு நட்டு. எழும்ப வேண்டும், ஸ்பானரைத் தேட வேண்டும், கழுவிய கையை மறுபடி அழுக்காக்க வேண்டும், லாம்பு பிடிக்க ஆள் வேண்டும். ஓடிய இஞ்சினுக்கு என்ன குறை வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழுகைக்கு வெளிக்கிட்ட மச்சான் வாசலில் நின்று கேட்டார்.

"மச்சான், பம்ப் சரிதானே?"

"ஓம், சரி. ஓடிச்சிதானே."

அவர் போனார். நானும் பின்னால் எழும்பித் தொழுகைக்குப் போனேன். காரைக் கடந்துதான் போனேன்.

மறுநாள் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு இருவருமாக உம்மாவை ஏற்றினோம். முன்சீட்டைச் சாய்த்து, உம்மாவின் முழங்காலை மடக்கி உள்ளே தள்ளி, பக்கத்தில் ராத்தா ஒரு தலையணையைச் செருகினாள். ராத்தாவும் போவதாகத்தான் இருந்தது. விடிய அவளுக்குத் தலைச்சுற்று, அதனால் நின்றுவிட்டாள். சீட்டை மறுபடி நிமிர்த்தும்போது எனக்குப் பெற்றோல் மணந்தது. என் கையை மோந்தேன், கையும் மணந்தது. நேற்றுச் செய்த வேலை, சவர்க்காரத்துக்குப் போகாத மணம் என்று விட்டுவிட்டேன். உம்மா அந்த வேளையில் நல்ல சந்தோஷமாக இருந்தார். பெருநாளைக்கு எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்துத்தான் சோறு போடுவாராம். கார் தெருவில் ஏறி வடக்கே திரும்பியது.

நான் மில்லுக்குப் போகச் சைக்கிளை எடுத்தேன். முருங்கையடியைத் தாண்டும்போது மணலில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. பின்சில்லுகள் நின்ற இடத்துக்கு நடுவில், ஒரு பீரிஸ் தட்டு அளவு. இரவு முழுக்கத் திருகி திறந்தபடி இருந்திருக்கிறது. முன்னாலிருக்கும் தாங்கியிலிருந்து பெற்றோல் மெல்ல மெல்ல வந்து, சவ்வின் ஓட்டைக்குள்ளால் கசிந்து, பம்ப்பின் அடித் துவாரத்தால் சொட்டியிருக்கிறது. குனிந்து மண்ணைக் கிள்ளி மோந்தேன். பெற்றோல்தான்.

நின்ற கார் சொட்டினால் மண்ணில் விழும். ஓடுகிற கார் சொட்டினால் சூடான இஞ்சினில் விழும், பொறி பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழும். ஒரு தகட்டுக்கு இந்தப் பக்கம்தான் பின்சீட்டு.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். ராத்தா அடுக்களைக்குள்ளிருந்து "என்னடா?" என்று கேட்டது காதில் விழுந்தது. சந்தியில் மட்டக்களப்பு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது, பாய்ந்து ஏறினேன். அந்த பஸ்ஸைப்போல ஒரு பிசாசை நான் கண்டதில்லை. பாண்டிருப்பில் நின்றது. மருதமுனையில் நெசவுக்காரர் ஒருவர் பெரிய மூட்டையை ஏற்றும்வரை நின்றது. நீலாவணையில் ஒரு கிழவிக்காக நின்றது. நான் எழும்பி நின்று ட்ரைவரை ஏசினேன். நோன்பு பிடித்த வாயால் ஏசாதே தம்பி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவரையும் ஏசினேன். கல்லாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் ஆறு அசையாமல் கிடந்தது, வலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். தெருவில் எங்கேயும் கார் இல்லை. இல்லாதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பழுதாகி நின்றிருந்தால், யா அல்லாஹ், எங்கேயாவது பழுதாகி நின்றிருந்தால் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

களுவாஞ்சிகுடியில் பஸ் நின்றபோது தலையை வெளியே நீட்டி, தேத்தண்ணிக் கடைக்காரரிடம் சாம்பல் நிறச் சின்னக் கார் போனதா என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, இப்பதான் போனது. கடைக்கு முன்னால நிப்பாட்டி, பின்மூடியத் திறந்து கொஞ்ச நேரம் பாத்திட்டு நிண்டவர். பொறகு மூடிப்போட்டுப் போயிட்டார்."

"என்ன சொன்னவர்?"

"என்னத்தச் சொல்ற? ஒண்டும் சொல்லல்ல. சிரிச்சவர்."

மச்சானுக்குக் கார் ஓட்டத் தெரியும். பின்மூடிக்குள் இருப்பது எதுவும் தெரியாது. அது என் பகுதி, அதில் அவர் தலையிடுவதே இல்லை.

குருக்கள்மடத்துக்குக் கிட்ட வரும்போது தென்னைகளுக்கு மேலே புகை தெரிந்தது. குப்பை எரிக்கிறார்கள் என்றார் பஸ்ஸில் ஒருவர். கறுத்த புகை. குப்பை அப்படி எரியாது. அதற்குப் பிறகு பஸ் நிற்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

தெருவை மறித்து ஊர்ச் சனம் நின்றது. சிலர் மணலை அள்ளி எறிந்தார்கள், பெண்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டு ஓடினார்கள். கார் பின்பக்கம் இல்லாமல் நின்றது. ஒரு வேலியோரம், யாரோ விரித்த பாயில் உம்மா இருந்தார். முந்தானை கருகியிருந்தது, காலில் காயம், வேறு ஒன்றும் இல்லை. முன்னால் போய் நின்றேன். அவருக்கு ஆள் தெரியவில்லை. குரல் கொடுத்ததும் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"மகன், மருமகனப் பாத்தியா? எங்க வெச்சிரிக்காங்க?"

பக்கத்து வீட்டு விறாந்தையில் மச்சானை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள், உயிர் இருந்தது. உம்மா என் கையை விடாமல் சொன்னார்.

"அவரு வெளிய இறங்கிட்டாருடா. கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டிச்சி. இறங்கின மனிசன் திரும்பி உள்ள வந்து அந்த சீட்ட மடக்கினாரு. அது மடங்கல்ல. ரெண்டு தரம் மடக்கினாரு. பொறகு என்னத் தூக்கி வெளிய தள்ளினாரு."

தனி ஒருவராக அதை எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மச்சான் நான்கு நாள் இருந்தார். கையும் நெஞ்சும் துணியால் சுற்றப்பட்டிருந்தது. முகத்தில் ஒரு பாதி அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் ராத்தா வெளியே போயிருந்த வேளை என்னைக் கிட்டக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று குனிந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"கல்லாறு தாண்டினதுல இருந்து பெற்றோல் மணந்திச்சி மச்சான். நிப்பாட்டித் திறந்து பாத்தன். பொறகு யோசிச்சன், நேத்து நீங்க பாத்த வேலைதானே, அந்த மணமாத்தான் இரிக்கும் எண்டு."

அவர் குரலில் குற்றம் சாட்டுதல் துளியும் இல்லை. காரை இழந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நான்காம் நாள் பின்னேரம் அஸர் நேரம் மௌத்தானார். ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினோம். அந்தப் பெருநாளில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, அக்கம்பக்கத்தார் சோறு தந்தார்கள்.

ஊர் பேசாமல் இருக்குமா? தண்ணீர் ஊற்றாத இஞ்சின் எத்தனை நாளைக்குத் தாங்கும், சூடு கூடி நெருப்புப் பிடித்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். வாளியோடு வந்து நின்றவர்களே வந்து, நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். சூடு எங்கே இருந்தது, பெற்றோல் எங்கே இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். "ஓம், அப்பிடித்தான் இரிக்கும்," என்று தலையாட்டினேன். அதுவரை அந்த இஞ்சினுக்காக அவர்களோடு மல்லுக்கட்டியவன் தலையாட்டியதை யாரும் கவனிக்கவில்லை. துக்கம் ஆளை மாற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ராத்தா நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தா இருந்து எழும்பினாள். உம்மா மறுபடி கண் டாக்டரிடம் போகச் சம்மதிக்கவில்லை. நான் மனதுக்குள் ஒரே ஒரு சமாதானத்தை வைத்துக்கொண்டு நடமாடினேன். நான் சோம்பல்பட்டது பிழை, ஆனால் பகலில் வாயில் வைக்காதது பிழையில்லை, அது அல்லாஹ்வுக்காக விட்டது, நோன்பை முறித்துக்கொண்டு எந்த முஸ்லிம் அதைச் செய்வான்? பாதிக் குற்றம்தான் என்னுடையது. அந்தப் பாதியைச் சுமந்துகொண்டு பதினொரு மாதம் வேலைக்குப் போய் வந்தேன்.

அடுத்த நோன்பு வந்தது. முதல் வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு மில்லிலிருந்து வந்து, தண்ணீர் அள்ள அடுக்களைப் பக்கம் போனேன். ராத்தா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நாக்கு நுனியில் வைத்தாள். பிறகு பின்கதவால் தலையை நீட்டித் துப்பினாள்.

"ராத்தா!" என்று நான் கத்திவிட்டேன். "நோன்பு!"

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மச்சான் போனதற்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"அதுக்கென்ன? உப்புப் பாத்தன். விழுங்காட்டி நோன்பு முறியாதே. நாக்குல வெச்சிட்டுத் துப்பினாச் சரி. இதெல்லாம் ஆம்புளையளுக்கு எங்க தெரியப்போகுது?"

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"எந்தச் சாமானா இருந்தாலுமா?" என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும்தான். அவருக்கும் இது தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டாரு. ஒரு நோன்புக்கு நான் உப்புப் பாக்கிறதக் கண்டுட்டு, இப்பிடித்தான் பாஞ்சு வந்து கையப் பிடிச்சாரு."

சொல்லிவிட்டு அவள் கஞ்சிப் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் உப்பு அள்ளிப் போட்டுக் கிளறினாள்.